பெண்களுக்குப் படி உண்டு

எங்கள் பள்ளியில் நிறுவனர் நாள் வந்தால் முதலில் தீர்ந்துபோவது பவுடர்தான். ஒன்பதாம் வகுப்பிலிருந்து உயரமான ஒரு பெண்ணைப் பிடித்து, முகம், கழுத்து, முழங்கை வரைக்கும் ஒரு டப்பா பவுடரைக் கொட்டி, தலையில் பஞ்சை ஒட்டி, கையில் ஒரு குடையைக் கொடுத்து மேடையேற்றுவோம். அவள்தான் துரைசானியம்மா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பலேறி வந்து எங்கள் பள்ளியைத் தொடங்கிய வெள்ளைக்கார மிஷனரி. மேடைக்கு வந்ததும் அவள், "வனக்கம் பென்கலே" என்பாள். நான் தமிழாசிரியை. வருடம் முழுக்க ணகரத்தையும் ளகரத்தையும் தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அந்த ஒரு நாளைக்கு மட்டும் அவற்றை மறக்கச் சொல்லி ஒத்திகை பார்க்கிறவளும் நானேதான். கீழே பெற்றோர் கைதட்டுவார்கள்.

நாடகத்தில் மூன்று காட்சிகள். முதலாவதில் கிராமத்துப் பெண்கள் காரணமே இல்லாமல் அழுதுகொண்டிருப்பார்கள். இரண்டாவதில் துரைசானியம்மா குடையோடு வந்து ஒரு புத்தகத்தைத் தூக்கிக் காட்டுவார். மூன்றாவதில் ஒரே ஒரு பெண் துணிந்து எழுந்து, அட்டையில் செய்த வாசற்படியைத் தாண்டிப் போய், புத்தகத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். உடனே எல்லோருக்கும் அழுகை நின்றுவிடும், கும்மி தொடங்கிவிடும். படி தாண்டிய அந்த முதல் பெண் எங்கள் தாளாளரின் கொள்ளுப்பாட்டிக்கு அம்மா. துரைசானியம்மா வீட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தவரின் மனைவி. இதையெல்லாம் நான் கண்டுபிடிக்கவில்லை. "பொம்பளைங்க படி தாண்டாத காலத்துல படி தாண்டினவங்க எங்க குடும்பத்துப் பொம்பள" என்று ஆண்டுதோறும் அவரே மைக்கைப் பிடித்துத் தொடங்கி, மதியச் சாப்பாடு ஆறிப்போகும்வரை விடமாட்டார்.

தாளாளருக்குக் கும்மிடிப்பூண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கிற ஆலை இருக்கிறது. மிஷன்காரர்கள் பள்ளியை எப்போதோ கைகழுவிவிட்டார்கள். ஊர்ப் பெரிய மனிதர்கள் டிரஸ்ட் ஒன்றை ஆரம்பித்து எடுத்துக்கொண்டார்கள், அதில் இப்போது இவர் முறை. அவருடைய அறையில் நாற்காலிக்குப் பின்னால் அந்த முதல் மாணவியின் ஓவியம் பெரிய சட்டத்தில் தொங்கும். அவளுக்குப் புகைப்படம் ஏது? கல்யாண பேனர் வரைகிற ஓவியர், எதிரே அட்வான்ஸ் கொடுத்துக்கொண்டிருந்த முகத்தையே பார்த்து வரைந்துவிட்டார். மீசையை எடுத்துவிட்டு மூக்குத்தி போட்ட தாளாளர் மார்போடு சிலேட்டை அணைத்தபடி நம்மைப் பார்ப்பார். பேச வேண்டியதைப் பேசிவிட்டு நான் சிரிக்காமல் வெளியே வந்தால் அது என் வளர்ப்பின் பெருமை.

நான் பழவேற்காட்டுக்காரி. வீட்டில் எல்லோரும் ஜவுளி வியாபாரம், நான் மட்டும் இலக்கணம். கல்யாணமாகி மீஞ்சூருக்கு வந்ததிலிருந்து தினமும் காலை ரயில்வண்டியில் கும்மிடிப்பூண்டிக்குப் போய் வருகிறேன். கொஞ்சம் சீக்கிரம் போகிற வண்டியில்தான் உட்கார இடம் கிடைக்கும் என்பதால், பள்ளி திறக்க வெகுநேரம் முன்பே போய்ச் சேர்ந்துவிடுவேன். அப்படிப் போகிற ஒரு நாளில்தான் பள்ளி வாசற்படியில் அந்தப் பெண்களைப் பார்த்தேன்.

அவர்கள் இறால் கம்பெனியில் இறால் உரிக்கிறவர்கள். இரவு ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி வேன் ஆறு மணிக்கெல்லாம் ஸ்டேஷன் பக்கத்தில் கொட்டிவிட்டுப் போய்விடும். ஆரம்பாக்கம் பக்கம் போகிற வண்டி ஏழே முக்காலுக்குத்தான். நடுவில் இருக்கிற நேரத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் எங்கள் பள்ளிப் படிக்கட்டில் உட்கார்ந்துகொள்வார்கள். வாட்ச்மேன் விரட்டுவார். இறால் நாற்றம் அடிக்கிறதாம். பக்கத்து ஆலையின் கருந்தூசு நாள் முழுக்க எங்கள் குழந்தைகளின் வெள்ளைச் சட்டையில் விழுகிறது, அதை விரட்ட அவருக்குத் துப்பில்லை. நான் அவரோடு சண்டை போட்டேன். ஒரு மழை நாளில் நானே அவர்களை உள்ளே அழைத்து எட்டாம் வகுப்பில் உட்காரவைத்தேன். கரும்பலகையில் முந்தின நாள் நான் எழுதியிருந்ததைப் பார்த்து ஒருத்தி, "அது இன்னா எய்திகீது?" என்று கேட்டாள். இப்படித்தான் என் சனிக்கிழமை வகுப்பு தொடங்கியது.

வகுப்பு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மணி நேரம், ஒரு கரும்பலகை, பத்துப் பன்னிரண்டு பெண்கள். விடுதிச் சமையற்கட்டில் பிள்ளைகளுக்குக் காலையில் பொங்கல் வேகும். சமையல்கார அம்மாளிடம் சொல்லி ஒரு தூக்குப் பொங்கலைக் கூடுதலாக இறக்கச் செய்தேன். இதைக் கேள்விப்பட்ட தாளாளர் போட்டோகிராபரோடு ஒரு முறை வந்து, ஒரு பெண்ணின் கையைப் பிடித்து "அ" எழுதவைப்பதுபோல நின்று, பல்ப் எரிந்ததும் கையை உதறிக்கொண்டு போனார். போகும்போது முகர்ந்து பார்த்துக்கொண்டதையும் நான் கவனித்தேன்.

கேள்வி கேட்டவள்தான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி. என் வயதுதான் இருக்கும். ஆரம்பாக்கத்தைத் தாண்டி ஏரிக்கரைக் குப்பம், புருஷனுக்கு மீன்பிடி. இரவெல்லாம் ஐஸ் தண்ணீரில் ஊறி அவள் விரல்கள் வெளுத்து வெடித்திருக்கும். நான் முதல் நாள் வழக்கம்போல "அ, அம்மா" என்று தொடங்கியதும் அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அம்மா, ஆடு எல்லாம் எங்களுக்குத் தெரியும் டீச்சரு. கம்பெனி கேட்டாண்ட ஒரு போர்டு மாட்டிக்கீறான். அதுல என் பேர எய்திக்கீறானா இல்லியான்னு நானே பாக்கணும். அத்த சொல்லிக் குடு."

அடுத்த வாரம் யார் யாருக்கு வேலை என்று சனிக்கிழமைதோறும் அந்தப் பலகையில் எழுதிப் போடுவார்கள். சூப்பர்வைசர் உரக்கப் படிப்பான். பெயர் வராதவர்கள் ஒரு வாரம் வீட்டில் இருக்க வேண்டியதுதான். அவன் எழுதியிருப்பதைத்தான் படிக்கிறானா என்று கேட்க அங்கே ஒருத்திக்கும் எழுத்துத் தெரியாது.

"அவன் மச்சினிச்சி பேர மட்டும் கணீர்னு படிக்கிறான் டீச்சரு. என் பேரு வர்ற எடத்துல அவனுக்கு இருமல் வந்துடுது."

நான் பாடத்திட்டத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு அவரவர் பெயரில் தொடங்கினேன். தமிழ் நெடுங்கணக்கு எவ்வளவு அநியாயமாக வரிசை போட்டிருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் பெயரின் முதல் எழுத்துக்கு முறைப்படி வந்திருந்தால் நாலு மாதம் ஆகியிருக்கும். நாலு வாரத்தில் அவள் பெயரை அவள் எழுதினாள். அப்புறம் ஒரு சனிக்கிழமை வேனிலிருந்து குதித்து ஓடி வந்தாள்.

"டீச்சரு, அவன் இருமினான். நான் நேரா போயி போர்டு மேல கைய வெச்சேன். இது இன்னான்னு கேட்டேன். கண்ணுல தூசு வுய்ந்துட்ச்சின்றான், பேமானி."

அன்றிலிருந்து பலகையை அவள்தான் படிக்கிறாள். அவன் பக்கத்தில் நின்று சரி பார்க்கிறான். அந்தக் காலை எனக்கு இருந்த கர்வத்தை இப்போது மறைக்கப் போவதில்லை. இருபது வருடம் நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டியபோதுகூட நான் அப்படி நடந்து வகுப்புக்குப் போனதில்லை.

ஆனால் அவளைத் தியாகச் சுடராக ஆக்கிவிட நினைத்தால் அவள் விடமாட்டாள். பொங்கல் இல்லாவிட்டாலும் வந்திருப்பாயா என்று ஒரு நாள் விளையாட்டாகக் கேட்டேன்.

"பொய் சொல்ல மாட்டேன் டீச்சரு. வந்திருக்க மாட்டேன். ராவெல்லாம் ஐஸுல நின்னுட்டு, நாஷ்டா இல்லாம வெறும் வயித்தோட குந்திகினு க ங ச சொல்றதுக்கு நான் இன்னா லூசா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் பேச்சு விடுதி வார்டன் காதுக்குப் போய், அங்கிருந்து தாளாளர் காதுக்குப் போகும் என்று அப்போது தெரியவில்லை.

தாளாளர் கூப்பிட்டனுப்பினார். நிறுவனர் நாளுக்கு இரண்டு வாரம் இருந்தது. இந்த முறை விழாவைப் பெரிதாகச் செய்யப் போகிறாராம். பளபளவென்று ஒரு விழா மலர், வாசலில் கருங்கல் பலகை, அதில் பொன்னெழுத்து. மலருக்கும் பலகைக்கும் துரைசானியம்மாவின் வாழ்க்கை வரலாற்றை எழுத வேண்டியது தமிழாசிரியையின் கடமை. பீரோவுக்கு மேலே அந்த அம்மாவின் தகரப்பெட்டி இருக்கிறது, அதில் ஏதோ பழைய காகிதம் கிடக்கும், பார்த்து நாலு வரி போடுங்கள் என்றார். கிறிஸ்தவப் பள்ளியில் இந்துத் தாளாளருக்காக முஸ்லிம் வாத்தியாரம்மா நான் எழுதும் வெள்ளைக்காரி சரித்திரம். இதைவிட நல்ல சமய நல்லிணக்கம் மாவட்டத்தில் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டு எழுந்தேன்.

"இன்னொரு விஷயம் டீச்சர். அந்த எறால் லேடீஸ். சோத்துக்கு வர்றாங்களாமே."

"படிக்கவும் வர்றாங்க சார்."

"அவங்களே சொல்லிட்டாங்களாம், பொங்கல் இல்லன்னா வர மாட்டோம்னு. சோத்துக்கு வர்றவங்க எப்படி டீச்சர் ஸ்டூடண்ட் ஆவாங்க? கல்வித் தாகம் வேணும்ல. இதோ எங்க கொள்ளுப்பாட்டியோட அம்மா…" என்று மூக்குத்திக்காரியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "நிறுவனர் நாளோட பொங்கல நிறுத்திடுங்க. உண்மையான தாகம் இருந்தா வரட்டும்."

பொங்கல் நின்றால் வகுப்பு நின்றது என்று அர்த்தம். வகுப்பு நின்றால் இன்னும் பெயர் எழுதக் கற்றுக்கொள்ளாத ஏழெட்டுப் பேருக்கு சூப்பர்வைசரின் இருமல் மட்டுமே மிச்சம். வாதாடினேன். அவர் போனை எடுத்து இரும்பு விலை பேச ஆரம்பித்துவிட்டார்.

எரிச்சலோடுதான் அந்தத் தகரப்பெட்டியைத் திறந்தேன். கரையான் பாதியைப் படித்து முடித்திருந்தது. மிச்சம் கிடைத்தது ஒரு தடித்த நோட்டு. ஊருக்கு, அதாவது தன் நாட்டு மிஷன் தலைமைக்கு, அனுப்பிய கடிதங்களையும் அங்கிருந்து வந்த பதில்களையும் துரைசானியம்மா அதில் தன் கையால் ஒரு படி எழுதி வைத்திருந்தார். என் ஆங்கிலம் தேர்வில் தப்பித்து வந்த ஆங்கிலம். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு மீஞ்சூர் வண்டியில் போகவும் வரவும் படித்தேன். மூன்றாம் நாள் வண்டியில் நான் தனியாகச் சிரித்ததைப் பார்த்து எதிரில் இருந்தவர் இடம் மாறி உட்கார்ந்தார்.

துரைசானியம்மா வந்தது பள்ளி தொடங்க அல்ல. ஆத்துமாக்களை அறுவடை செய்ய. ஏரிக்கரைக் குப்பங்களிலும் வயல்காட்டு ஊர்களிலும் மரத்தடியில் நின்று பிரசங்கம் செய்திருக்கிறார். பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்திருக்கிறார்கள். அவருடைய பூட்ஸைப் பார்க்க. ஒருத்தி அவர் தொப்பியை வாங்கித் தன் ஆட்டுக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாளாம். இத்தனை வருடமாக எத்தனை ஆத்துமாக்கள் என்று தலைமை கேட்டு எழுதியபோது அவர் ஒளிக்காமல் பதில் எழுதியிருக்கிறார், ஒன்றுமில்லை என்று. அந்த இடத்தில் எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. எங்கள் தலைமையாசிரியைகள் யாரும் கல்வி அலுவலருக்கு அப்படி ஒரு அறிக்கை எழுதி நான் பார்த்ததில்லை.

சரி, ஆத்துமா வராவிட்டால் போகிறது, எழுத்தாவது சொல்லிக்கொடுப்போம், படித்தால் வேதத்தைத் தாங்களே படிப்பார்கள் என்று ஒரு யோசனை அவருக்கு. அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க முன்ஷி என்று ஒரு வாத்தியார் இருந்தார். அந்த முன்ஷி இலக்கணத்தை ஒழுங்காகத்தான் சொல்லித் தந்திருக்கிறார், படி என்பது வினைச்சொல் என்று. அந்த அம்மாளின் பாஷையில் ஒரே சொல் வினையாகவும் நிற்கும், பெயராகவும் நிற்கும். தமிழையும் அப்படியே நினைத்துக்கொண்டு, முன்ஷி ஊருக்குப் போயிருந்த நேரம் பார்த்து, தானாகவே ஒரு வாக்கியத்தைச் செய்து தண்டோரா போடுகிறவனிடம் கொடுத்துவிட்டார். அவனும் ஊர் ஊராகப் போய்த் தப்பை அடித்துச் சொன்னான். "திங்கட்கிழமை காலை துரைசானியம்மா பங்களாவில் பெண்களுக்குப் படி உண்டு!"

தமிழ் தெரிந்த எந்தப் பெண்ணுக்கு அதில் சந்தேகம் வரும்? படி என்றால் படி. ஒரு படி அரிசி. மழை பொய்த்திருந்த வருடம் வேறு. திங்கட்கிழமை விடிவதற்குள் பங்களா வாசல் நிறைந்துவிட்டது. பானையோடு வந்தார்கள், சட்டியோடு வந்தார்கள், முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். வாசலில் துரைசானியம்மா பூரிப்போடு சிலேட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு நிற்கிறார். கல்விக்கு இத்தனை ஆவலா, பாத்திரங்களில் எதை வாங்கிப்போக நினைக்கிறார்கள் என்று மட்டும் அவருக்குக் குழப்பம்.

முதல் ஆளாக வந்து எல்லோருக்கும் முன்னால் நின்றவள் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிறவரின் மனைவி. கொண்டுவந்தது அண்டா. ஒரு படி அரிசிக்கு எதற்கு அண்டா என்று துரைசானியம்மாவுக்கு அப்போது தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது. எஜமானி வீட்டுக்குள்ளேயே புழங்குகிற ஆள், தனக்கு மட்டும் ரெண்டு படி அதிகம் விழும் என்ற கணக்குத்தான். அவள் கையில் ஒரு சிலேட்டைக் கொடுத்திருக்கிறார். அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள். அப்புறம் அதை அண்டாவுக்குள் டமாலென்று போட்டுவிட்டு, துரைசானியம்மாவைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாள். துரைசானியம்மாவுக்கு அதன் பொருள் விளங்கவில்லை. அகராதியிலும் இல்லை. பிறகு முன்ஷியிடம் கேட்டுக்கொள்வோம் என்று, காதில் விழுந்ததை அப்படியே ஆங்கில எழுத்தில் கூட்டி எழுதி வைத்திருக்கிறார். முன்ஷி பொருள் சொன்னாரா என்று நோட்டில் இல்லை, பாவம் மனிதர். வண்டியில் அதை வாய்க்குள் எழுத்துக் கூட்டிப் பார்த்தபோதுதான் நான் சிரித்தது. கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டில் இன்றைக்கும் நாள் ஒன்றுக்கு நாலு தடவையாவது காதில் விழுகிற வசவுதான். அதில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என் சிரிப்பை நிறுத்தியது. துரைசானியம்மா தன் சரக்கறையைத் திறந்து இருந்த அரிசியை எல்லாம் படிப்படியாக அளந்து போட்டுவிட்டார். மறுநாளும் வரச் சொன்னார், ஒரு மணி நேரம் எழுத்து, அப்புறம் ஒரு படி என்று. அரிசி வேண்டும் என்று தலைமைக்கு எழுதினார். அரிசிக்காக வருகிறவர்கள் விசுவாசிகள் ஆகமாட்டார்கள், உடனே நிறுத்தவும் என்று பதில் வந்தது. இவர் திரும்ப எழுதினார். அவர்கள் விசுவாசிகளே இல்லை, அரிசியை வாங்கிக்கொண்டு, எழுத்தையும் கற்றுக்கொண்டு, போகிற வழியில் தங்கள் அம்மனைக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள், ஆனால் எழுத்து நன்றாக வருகிறது என்று. அப்படியானால் நீ அங்கே என்ன செய்கிறாய் என்று தலைமை கேட்டது. அதற்குக் கிடைக்கிற பதில் மிகச் சின்னக் கடிதம். இனி நான் மிஷனரி இல்லை, பள்ளிக்கூட ஆசிரியை என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தான் கொண்டுவந்த ஆர்மோனியப் பெட்டியை விற்று அரிசி வாங்கியிருப்பதாகவும் கீழே சேர்த்திருந்தார்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் "நிறுவனர் வாசித்த ஆர்மோனியம்" என்று ஒன்று இருக்கிறது. வருடாவருடம் அதற்கு மாலை போடுகிறோம். அது யார் வீட்டு ஆர்மோனியமோ.

நோட்டை எடுத்துக்கொண்டு தாளாளர் அறைக்குப் போனேன். வாழ்க்கை வரலாறு எழுதிவிட்டேன், வாசிக்கட்டுமா என்றேன். சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தண்டோராவரை புன்னகை இருந்தது. அண்டா வந்ததும் கண் திறந்தது. சிலேட்டு அண்டாவுக்குள் விழுந்தபோது நிமிர்ந்துவிட்டார். அந்த வார்த்தையை நான் வாயால் சொல்லவில்லை. நோட்டை அவர் பக்கம் திருப்பி விரலை வைத்தேன். அவர் உதடு அசைந்து எழுத்துக் கூட்டியது. காது சிவந்தது.

"இது ஒரிஜினலா?"

"அவங்க கையெழுத்து சார். தோட்டக்காரர் சம்சாரம்னு தெளிவா இருக்கு."

"வேற யாராச்சும் பாத்தாங்களா?"

"இல்ல சார். இனிமேதான் மலர்ல எல்லாரும் பாப்பாங்க."

அவர் மூக்குத்திக்காரியைத் திரும்பிப் பார்க்கவில்லை. பேப்பர் வெயிட்டை உருட்டினார். பிறகு மிகவும் பிரியமான குரலில் கேட்டார்.

"அந்த லேடீஸுக்குக் காலையில இன்னா குடுக்கறீங்க டீச்சர்?"

"பொங்கல் சார்."

"தொட்டுக்க?"

"சாம்பார்."

"சட்னி இல்லாம எப்படி? சட்னியும் போடச் சொல்றேன். எத்தன நாளு வேணா நடக்கட்டும். நீங்க… பழைய மாதிரியே எழுதிடுங்க. தாகம், அது இதுன்னு. உங்களுக்குச் சொல்லணுமா."

எனக்குச் சொல்ல வேண்டியதில்லைதான். இருபது வருடம் கட்டுரை திருத்திய கை. அன்று சாயங்காலமே எழுதிக் கொடுத்துவிட்டேன். "பசியும் மறந்து, கல்வித் தாகம் ஒன்றே துணையாக, படி தாண்டி வந்தனர் நம் பெண்கள்." படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு பொய் எழுதினேன், சட்னியோடு வகுப்பு கிடைத்தது, இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று வண்டியில் எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டேன். மீஞ்சூர் வரைக்கும் சொல்ல வேண்டியிருந்தது.

விழா நடந்தது. பவுடர் கொட்டியது, பெண்கள் அழுதார்கள், கும்மி அடித்தார்கள், சாப்பாடு ஆறியது. வாசலில் கருங்கல் பலகையைத் தாளாளர் திறந்து வைத்தார். என் வரிகள் பொன்னிறத்தில் மின்னின. கீழே எழுதியவர் பெயர் இல்லாதது நல்லதாகப் போயிற்று என்று இருந்தது.

அடுத்த சனிக்கிழமை வேன் வந்தது. எழுத்து வந்த புதிதில் யாருக்கும் கண் சும்மா இருக்காது. நம்மவளுக்கும் அப்படித்தான், பஸ்ஸில் ஒட்டியிருக்கும் மூல வியாதி விளம்பரம் வரை விடமாட்டாள். வாசலில் புதிதாக ஒரு பலகையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். மற்றவர்களும் சுற்றி நின்றுகொண்டார்கள்.

"உள்ள வாங்க, பொங்கல் ஆறிடும்" என்றேன். "இன்னைக்குச் சட்னி வேற."

"இரு டீச்சரு." வெடித்த விரலைக் கல்லில் வைத்து நகர்த்தினாள். "ப… சி… யு… ம்… பசியும். ம… ற… ந்… து. மறந்து. பசியும் மறந்து." நின்றாள். மறுபடியும் படித்தாள், தான்தான் தப்பாகப் படித்துவிட்டோமோ என்று. பிறகு என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். "இன்னா டீச்சரு, பசிய மறந்துட்டு வந்தாங்கன்னு போட்டுகீது? பசிய எவ டீச்சரு மறப்பா? ஒரு நா பட்டினியா குந்திகினு படிச்சிருந்தா இத எய்துவானா? யாரு எய்துனது?"

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது.

"நான்தான்" என்றேன்.

அவள் சிரிப்பு உடனே நிற்கவில்லை, மெல்லத்தான் இறங்கியது. கல்லைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நீயா? அப்ப நாளைக்கு எங்களப் பத்தியும் இப்பிடித்தான் எய்துவியா டீச்சரு?"

அவர்களை உள்ளே கூட்டிப்போய், பொங்கலைப் பரிமாறிவிட்டு, அவர்கள் சாப்பிடச் சாப்பிட அந்தத் தகரப்பெட்டிக் கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன். தண்டோரா, பானை சட்டி, விற்றுப்போன ஆர்மோனியம், அண்டா எல்லாம். அண்டா வந்தபோது ஒருத்திக்குப் புரையேறியது. "அப்பறம் இன்னா சொன்னா அவ? அத்த சொல்லு" என்று பிடித்துக்கொண்டாள் நம்மவள். வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. சாக்பீஸை எடுத்து, கரும்பலகை நிறைய, பெரிய எழுத்தில் அந்த வார்த்தையை எழுதினேன். ஒருத்திகூட எழுத்துக் கூட்டவில்லை. எல்லோரும் ஒரே மூச்சில் படித்தார்கள்.